ஆறு பக்க அறிக்கை ஏழு பக்கம் ஆன கதை: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு ஃபான்ட் நிகழ்வு ஆய்வு

காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். சீசன் முடிந்து பெங்களூரா காயெல்லாம் கூழ் ஆலைக்குப் போன பிறகு வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டுவார்கள், அதற்கு ஓர் அறிக்கை போடுவார்கள். ஆறே பக்கம். முதல் இரண்டு பக்கம் வரவு செலவு, அடுத்தது உறுப்பினர் வாரியாக யார் எத்தனை டன் காய் போட்டார் என்ற பட்டியல், அப்புறம் சங்கத் துணைவிதியிலிருந்து எடுத்த பகுதி இரண்டு பக்கம், கடைசியில் நன்றியும் கையெழுத்தும். இந்த ஆறு பக்கம் ஐந்து இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது என்ன ஆனது, எப்படிச் சரிசெய்தோம் என்பதுதான் விஷயம். யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா மெஷினுக்கும் பொதுவான ஓர் எண் தரும் முறையில், அடித்துவிட்டால் எந்த மெஷினிலும் ஒரே மாதிரி வந்துவிடும் என்று நானே பல வருடம் கடைக்கு வருபவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி என்று எனக்குப் புரிந்தது இந்த அறிக்கையில்தான்.

அறிக்கையை அடிப்பவர் சங்கச் செயலாளர், எனக்கு மாமா முறை. தட்டச்சுப் பயிலகத்தில் யளனக என்று அடித்துப் பழகிய விரல், இன்றைக்கும் கீபோர்டைப் பார்க்காமல்தான் அடிப்பார், என்னைவிட வேகம். வீட்டில் விண்டோஸ் 7 போட்ட பழைய டெஸ்க்டாப். போன வருடம் வரை அதிலேயே அடித்து அதிலேயே பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார், அதனால் எந்தப் பிரச்சினையும் வெளியே தெரியவில்லை. இந்த வருடம் அவர் பிரின்டர் படுத்துவிட்டது. கோப்பு ஊர் சுற்றக் கிளம்பியது.

ஐந்து இடம், ஐந்து அறிக்கை

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் மாமா பென்டிரைவோடு கடைக்கு வந்தார், கையில் ஒரு பொட்டலம் நிப்பட்டும். என் மெஷின் விண்டோஸ் 11, ஹார்டு டிஸ்க் போய் ஏப்ரலில்தான் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தேன். கோப்பைத் திறந்தால் முதல் மூன்று பக்கம் ஒழுங்கான தமிழ், நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த குப்பை.

“ஏம்ப்பா, போன வருசம் நல்லாத்தானே வந்துச்சு? உன் மெஷின்ல வைரஸ் கிரஸ் பூந்துருச்சா?”

வைரஸ் இல்லை மாமா, ஃபான்ட் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே கோப்பைச் சங்கத் தலைவரின் மகளுக்கு அனுப்பினேன். பெங்களூருவில் வேலை பார்க்கிறாள், வரவு செலவைச் சரிபார்ப்பது அவள்தான், வைத்திருப்பது மேக். அரைமணி நேரத்தில் போன் வந்தது. “அண்ணா, இங்க ஏழு பக்கம் வருது. கையெழுத்து மட்டும் தனியா ஏழாவது பக்கத்துல நிக்குது. துணைவிதி படிக்கவே முடியல.” பொருளாளர் வீட்டில் இருப்பது மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு இலவச லேப்டாப், விண்டோஸுக்குப் பதில் பாஸ் லினக்ஸ், அதில் வேர்டு, எக்செல்லுக்குப் பதில் இலவச லிப்ரே ஆபீஸ் ஓடுகிறது. அங்கே தலைப்புகள் எல்லாம் மை ஊறின மாதிரி தடித்துத் தெரிந்தன, டன் பட்டியலின் எக்செல் கோப்பில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் #### என்று கம்பிவேலி. யாரோ ஆர்வக்கோளாறில் வேர்டு கோப்பை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, உறுப்பினர்கள் போனில் திறந்து பார்த்துவிட்டு ஆளாளுக்கு மாமாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எல்லாமே “ஃபான்ட் பிரச்சினை” என்று ஒரே பெயரில்தான் என்னிடம் வந்தது. உட்கார்ந்து பார்த்தால் குறைந்தது மூன்று வேறு வேறு நோய். எழுத்தே வேறு எழுத்தாக மாறியிருந்தால் ஒன்று. எழுத்து சரியாக இருந்து பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் இன்னொன்று. எழுத்துக்கு நடுவில் புள்ளி போட்ட வட்டம் முளைத்தால் மூன்றாவது, அது கொஞ்சம் கழித்து நானே வரவழைத்துக்கொண்டது. வெறும் கட்டமாக வந்தால் அந்த மெஷினில் அந்த எழுத்துக்கு உருவமே இல்லை என்று அர்த்தம், நல்லவேளையாக இந்தக் கோப்பில் அது வரவில்லை.

பாமினி பக்கங்கள்

துணைவிதிப் பகுதி 2003-இல் யாரோ பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. மாமா வருடா வருடம் அதை அப்படியே வெட்டி ஒட்டுகிறார். மற்ற பக்கங்களை யூனிகோடில் அடிக்க எப்போதோ பழகிவிட்டார், இந்த இரண்டு பக்கத்தை மட்டும் தொடவில்லை. தலைப்பில் இன்னும் “தர்மபுரி மாவட்டம்” என்றுதான் இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில், அதற்கு முந்தைய வாசகம் அது.

பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழே இல்லை, இதைத்தான் மாமாவுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. ‘தமிழ்’ என்று அடிக்க விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டுகிறோம் இல்லையா, கோப்பில் சேர்வதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஜே என்ற எழுத்துக்கு ‘த’ என்று படம் வரைந்து வைத்திருக்கிறது பாமினி, அவ்வளவுதான். பாமினி இல்லாத மெஷின் அந்த ஜே-யை ஜே-யாகவே காட்டுகிறது, அதன்மேல் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டும் தனக்கென்று ஒரு வரைபடம் வைத்திருந்தது, வானவில்லில் அடித்ததைப் பாமினியில் திறக்க முடியாது, பாமினியில் அடித்ததை ஸ்ரீலிபியில் திறக்க முடியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று எல்லாத் தமிழ் ஃபான்ட்டுக்கும் பொதுவாக இரண்டு குறியீட்டுத் தரங்களைக் கொண்டுவந்தார்கள், 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. ஆனால் தரம் அறிவித்த உடனே பென்டிரைவில் கிடக்கும் பழைய கோப்பு தானாக மாறிவிடுமா என்ன.

சந்தேகம் இருந்தால் சோதிக்க என்னிடம் ஒரே வழி: அந்தப் பத்தியில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் எந்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கே இன்னும் நீங்கள் வரவில்லை, முதலில் எழுத்தை மாற்ற வேண்டும்.

முதல் நாள் நான் செய்தது சோம்பேறித்தனம். என் மெஷினில் பாமினியைப் போட்டுக்கொண்டேன், பக்கம் சரியாக வந்தது, பிரின்ட்டும் வந்தது. ஆனால் பெங்களூருவிலும் பொருளாளர் வீட்டிலும் அத்தனை போன்களிலும் யார் போய்ப் போடுவது? அன்று சாயங்காலமே மனம் மாறி, என்.எச்.எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றினேன்.

இங்கே இரண்டு இடத்தில் கால் இடறியது. மாற்றி என்பது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றும். காய் எடை பற்றிய விதியில் கிலோ என்பதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் கே, ஜி என்று போட்டிருந்தார்கள், அது வேறு ஃபான்ட்டில் இருந்த ஆங்கிலம், ஆனால் மாற்றிக்கு அது தெரியாது. பாமினியில் பெரிய கே என்றால் ‘மு’, பெரிய ஜி என்றால் ‘பு’. ஆக “25 கேஜி பெட்டி” என்பது “25 முபு பெட்டி” என்று வந்து நின்றது. மாமா அதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். பத்தி பத்தியாக எடுத்து, ஆங்கிலம் வரும் இடத்தை ஒதுக்கிவைத்து மாற்றுவதுதான் வழி, சுருக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, நான் சொன்ன புள்ளி வட்டம். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம், ஒற்றைக்கொம்பு முதலில், மெய் அப்புறம். யூனிகோடில் மெய் முதலில் சேரும், கொம்பு பின்னால், இடப்பக்கம் தள்ளிக் காட்டும் வேலையை ஃபான்ட்டும் மென்பொருளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். மாற்றி இந்த இடமாற்றத்தைச் சரியாகவே செய்தது. சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் ‘கௌ’ என்பதன் வலப்பக்கக் குறிக்குத் தனி விசை கிடையாது, ‘ள’ விசையையே பயன்படுத்துவார்கள். அப்படியானால் கோப்பில் கிடக்கும் கொம்பு, த, ள என்பது ‘தௌ’வா ‘தெள’வா? மாற்றிக்கு எப்படித் தெரியும். சில இடங்களில் ஔகாரம் என்று முடிவு செய்துகொண்டது, துணைவிதியில் “மருந்து தெளிப்பு” என்று வந்த இடத்தில் எல்லாம் த-வுக்கு ஔகாரம் போட்டு, மிச்சம் நின்ற இகரக் கொக்கி ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் புள்ளி வட்டத்தின்மேல் தொங்கியது. அது கண்ணுக்குத் தெரிந்ததால் பரவாயில்லை. பெயர்ப் பட்டியலில் நேர்மாறாக நடந்திருந்தது. அங்கே ‘கௌரம்மா’ என்ற பெயர் மூன்று முறை வருகிறது, நம் பக்கத்தில் அந்தப் பெயர் நிறைய உண்டு. எப்போதோ யாரோ அடித்ததில் இரண்டு இடத்தில் சரியான ஔகாரம், ஒரு இடத்தில் கெ-வும் ள-வும். கண்ணுக்கு மூன்றும் ஒன்று. தேடினால் இரண்டுதான் கிடைக்கிறது. ‘ஸ்ரீ’யிலும் இதே கதை உண்டு: வழக்கமான ஸ் போட்டு எழுதியது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்த்த ஶ் போட்டு எழுதியது ஒன்று, பார்க்க இரட்டைப்பிள்ளைகள். சந்தா பாக்கி யார் என்று பெயரைத் தேடி எடுக்கும் சங்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

மாமாவுக்கு இதில் ஒரே கவலை, புதிதாக வேறு விசைப்பலகை கற்க வேண்டுமா என்பது. வேண்டாம். விசைப்பலகை வேறு, ஃபான்ட் வேறு. என்.எச்.எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது, பாமினி முறையும் இருக்கிறது, விரல் பழகியபடியே அடிக்கலாம், கோப்பில் யூனிகோடு விழும். யூனிகோடு என்றால் தமிங்கிலத்தில்தான் அடித்தாக வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பயத்தில்தான் துணைவிதியைத் தொடாமல் இருந்திருக்கிறார்.

எழுத்து சரி, பக்கம் ஏன் நகர்ந்தது

சரி, எல்லாம் யூனிகோடு ஆகிவிட்டது. இரண்டாம் நாள் காலையில் நிம்மதியாகப் பெங்களூருவுக்கு அனுப்பினேன். இப்போதும் ஏழு பக்கம்.

மாமா வைத்திருந்த ஃபான்ட் லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸோடு வரும் தமிழ் ஃபான்ட், அதனால் அது எல்லா இடத்திலும் இருக்கும் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. வேர்டு கோப்பில் சாதாரணமாகச் சேமிக்கும்போது உள்ளே போவது ஃபான்ட்டின் பெயர் மட்டும்தான். கல்யாணப் பத்திரிகையில் “இங்ஙனம் உற்றார் உறவினர்” என்று போட்டால் உறவினர் எல்லோரும் பத்திரிகைக்குள்ளா உட்கார்ந்திருக்கிறார்கள்? திறக்கும் மெஷினில் அந்தப் பெயரில் ஃபான்ட் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கையில் கிடைத்ததைப் போடும். மேக்கில் தமிழுக்கு வருவது இணைமதி, தமிழ் எம்.என், தமிழ் சங்கம் எம்.என். தலைவர் மகளின் திரையில் வந்து உட்கார்ந்தது தமிழ் சங்கம் எம்.என். பாஸ் லினக்ஸில் லோஹித். விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும்கூடத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய துணைத் தொகுப்புக்குப் போய்விட்டன, தமிழ் மொழியைச் சேர்க்காத என் புது மெஷினிலேயே லதா இல்லை, விண்டோஸின் இன்னொரு ஃபான்ட்டான நிர்மலாதான் அந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கே அது தெரியவில்லை! ஏனென்றால் வேர்டில் மேலே ஃபான்ட் பெயர் காட்டும் பெட்டியில் லதா என்றே இருக்கும், இல்லாத ஆளின் பெயரைச் சொல்லி வேறு ஆள் ஆஜர் கொடுப்பது மாதிரி. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் எதற்குப் பதில் எது என்று உண்மையைச் சொல்லும். லிப்ரே ஆபீஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மை, இல்லாத ஃபான்ட்டின் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டும்.

ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் எழுத்தின் அகலம் வேறு, வரிக்கு மேலும் கீழும் விட்டுக்கொள்ளும் இடமும் வேறு. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள்: ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் அதே அகலத்தில் லிபரேஷன் ஃபான்ட்களை ரெட் ஹாட் 2007-இல் வெளியிட்டது, காலிப்ரிக்கு அதே அளவில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கேலடியா. உருவம் மாறினாலும் வரி உடைவது மாறாது. ஆனால் லிபரேஷனிலோ கார்லிட்டோவிலோ தமிழ் எழுத்தே கிடையாது. ஆக நம் கோப்பில் ஆங்கிலமும் எண்களும் நின்ற இடத்தில் நிற்கும், தமிழ் மட்டும் நகரும். தமிழில் கொக்கியும் கொம்பும் மேலும் கீழும் நீள்வதால் வரியின் உயரம் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் நிறையவே வேறுபடும், பக்கத்துக்கு இரண்டு வரி கூடினால் ஆறு பக்கத்தில் பன்னிரண்டு வரி, கையெழுத்து அடுத்த பக்கத்துக்குப் போக அது போதும்.

பொருளாளர் வீட்டில் தலைப்பு மை ஊறியதற்குக் காரணம் வேறு. லோஹித் தமிழில் சாதாரண எழுத்து மட்டும்தான் உண்டு, தடித்த எழுத்தைத் தனியாக வரைந்து வைக்கவில்லை. போல்டு கேட்டால் மென்பொருள் இருக்கிற எழுத்தையே பூசித் தடிமனாக்குகிறது. ‘ஞ’, ‘ணை’ மாதிரி உள்ளே வளைவு நிறைந்த எழுத்துகள் அடைத்துப்போகும்.

இன்னொன்று, கடைக்காரனாக இதைச் சொல்லாமல் போக முடியாது. வேர்டு ஒவ்வொரு ஸ்டைலுக்கும் (தலைப்பு, பத்தி என்று முன்கூட்டியே வகுத்துவைத்த எழுத்து அமைப்பு) இரண்டு ஃபான்ட் வைத்திருக்கிறது, ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழ் மாதிரியான மொழிகளுக்கு காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற தலைப்பில் ஒன்று. அளவும் இரண்டு. லிப்ரே ஆபீஸில் அதற்கே சி.டி.எல் என்று பெயர். மாமா ஸ்டைலில் ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் அளவை 12 ஆக்கியிருக்கிறார், தமிழ் 11-லேயே கிடந்திருக்கிறது, “நான் பெருசு பண்ணினேனே, ஏன் ஆகல” என்று வரிக்கு வரி கையால் தேர்ந்தெடுத்து மாற்றி வைத்திருந்தார். விட்டுப்போன வரிகள் எல்லாம் அறிக்கையில் சின்னதாக நின்றன.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

முதல் யோசனை நிர்மலா. விண்டோஸ் 8-இலிருந்து கூடவே வருகிறது, தெலுங்கும் கன்னடமும்கூட அதற்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு அது பெரிய வசதி, வேப்பனப்பள்ளிப் பக்கத்து உறுப்பினர்களுக்காகக் கூட்ட நாள், நேரம், இடம் மூன்றையும் தெலுங்கில் மூன்று வரி போடுவது வழக்கம். ஆனால் மாமாவின் விண்டோஸ் 7-இல் நிர்மலா இல்லை, மேக்கில் இல்லை, லினக்ஸில் இல்லை. எடுத்துக் கொடுத்துவிடலாமே என்றால் விண்டோஸோடு வரும் ஃபான்ட்டை வேறு மெஷினுக்கு நகலெடுத்துத் தர உரிமம் இடம் கொடுக்காது. ஊரில் யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்வார்கள், சங்கத்தின் பெயரில் போகும் கோப்பில் எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் ஒரே அடியாக, எந்த நிறுவனத்தின் சிஸ்டத்தையும் நம்பாமல், ஓபன் ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கும் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் நாமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த உரிமத்தில் பயன்படுத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், கோப்புக்குள் பொதிக்கலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு இப்போது நல்ல தேர்வு இருக்கிறது. மீரா இனிமை எனக்குப் பிடித்த உருவம், ஆனால் அதில் போல்டு இல்லை, லோஹித்தின் கதையே திரும்பவும். கேட்டமரனில் ஒன்பது தடிமன், இந்த அறிக்கைக்கு அத்தனை எதற்கு. நோட்டோ சான்ஸ் தமிழ் பாதுகாப்பான தேர்வு. கடைசியில் முக்தா மலரை எடுத்தேன்: தமிழும் ஆங்கிலமும் எண்ணும் ரூபாய்க் குறியும் ஒரே ஃபான்ட்டில், உண்மையான போல்டு, கூகுள் டாக்ஸிலும் கிடைக்கிறது. இவற்றையெல்லாம்விட நான் நம்பியது ஜெராக்ஸ் சோதனையைத்தான். “மருந்து தெளிப்பு, கௌரம்மா, ஸ்ரீனிவாசன், 12,450” என்று ஒரு வரியை நான்கு ஃபான்ட்டில் 11 அளவில் அடித்து, பிரின்ட் எடுத்து, அதை ஜெராக்ஸ், அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ். மாமாவிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொன்னேன். ‘ளி’யும் ‘கௌ’வும் அடையாமல் நின்றதில் முக்தா மலர் ஜெயித்தது.

தெலுங்கு வரிகளை இந்த ஃபான்ட்டில் விட முடியாது, அதில் தெலுங்கு இல்லை. அந்த மூன்று வரிக்கு மட்டும் நோட்டோ சான்ஸ் தெலுங்கு. (பலூ என்ற ஃபான்ட் குடும்பத்தில் தமிழுக்குப் பலூ தம்பி, தெலுங்குக்குப் பலூ தம்முடு, கன்னடத்துக்குப் பலூ தம்ம என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும், ஆனால் அது தலைப்புக்கும் போஸ்டருக்கும்தான் பொருந்தும், வரவு செலவுக்கு ஆகாது.)

போடும்போது கவனித்தவை: விண்டோஸ் 10, 11-இல் ஃபான்ட் கோப்பில் வலது கிளிக் செய்து எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்பதைத்தான் கொடுக்க வேண்டும், சும்மா நிறுவினால் உங்கள் கணக்குக்கு மட்டும் சேரும், சில மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. முக்தா மலரில் ஏழு தடிமன் உண்டு, நாங்கள் ரெகுலர், போல்டு இரண்டை மட்டுமே தொட்டோம், நடுவில் உள்ள தடிமன்களை விண்டோஸ் ஒரு பெயரிலும் மேக் ஒரு பெயரிலும் பட்டியலிடும், அங்கே மறுபடி குழப்பம். வேறு ஃபான்ட் எடுப்பவர்கள் பதிவிறக்கும்போது வேரியபிள் என்று ஒரு கோப்பும் ஸ்டேட்டிக் என்று ஒரு ஃபோல்டரும் வந்தால் ஸ்டேட்டிக்கைப் போடுங்கள், வேர்டுக்கு வேரியபிளோடு இன்னும் சரியாக ஒத்துப்போகவில்லை.

வரி இடைவெளியைச் சிங்கிள் என்று விடாமல் எக்ஸாக்ட்லி 18 பாயிண்ட் என்று கட்டிப்போட்டேன், எழுத்து அளவு 12-க்கு. இப்படிச் செய்தால் நாளைக்கே யாராவது ஃபான்ட் இல்லாமல் திறந்தாலும் வரியின் உயரமாவது மாறாது. ரொம்பக் குறைத்தால் ‘ணீ’யின் கொக்கி வெட்டுப்படும், ‘மூ’வின் வால் அடுத்த வரியை இடிக்கும், பிரின்ட் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கோப்புக்குள்ளேயே ஃபான்ட்டைப் பொதிக்கவும் செய்தேன், வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் இருக்கிறது. அதன் கீழேயே “பயன்படுத்திய எழுத்துகளை மட்டும்” என்று ஒரு கட்டம் உண்டு, அளவு குறையும் என்று ஆசைப்பட்டு அதை டிக் செய்யாதீர்கள். கோப்பில் இல்லாத எழுத்து ஒன்றை எதிர்முனையில் இருப்பவர் அடித்தால் அதற்கு உருவம் போயிருக்காது. மேக்கிலும் லிப்ரே ஆபீஸிலும் பொதித்த ஃபான்ட் எடுபட்டது. போனில் எடுபடவில்லை.

எக்செல், அது தனி வழக்கு

எக்செல்லில் ஃபான்ட்டைப் பொதிக்கும் வசதியே கிடையாது. டன் பட்டியல் ஒரே பக்க அகலத்தில் அடங்க வேண்டும் என்பதற்காக மாமா எண்களுக்கு ஏரியல் நேரோ போட்டு, கட்டங்களை எண்ணை ஒட்டி இறுக்கிவைத்திருந்தார். ஏரியல் நேரோ விண்டோஸோடுகூட வருவதில்லை, ஆபீஸோடு வருவது. லினக்ஸில் அதற்குப் பதில் அகலமான ஒன்று வர, எண் கட்டத்துக்குள் கொள்ளாமல் #### ஆனது. எண் தொலையவில்லை, கட்டத்தை இழுத்துவிட்டால் தெரியும், ஆனால் பொருளாளருக்கு அது தெரியாமல் “கணக்கையே அழிச்சிட்டீங்களா” என்று ஒரு சத்தம். சாதாரண ஏரியலுக்கு மாற்றி, தாளைக் குறுக்காகத் திருப்பி, கட்டங்களை ஒரு விரற்கடை தளர்த்திவிட்டேன். அவ்வளவுதான்.

யாருக்கு எது போனது

மூன்றாம் நாள் மதியம் ஒரு தாளில் பெயர்களை எழுதி, யார் இந்தக் கோப்பைத் திருத்துவார், யார் படிக்க மட்டும் போகிறார் என்று பிரித்தோம். திருத்துபவர் நான்கே பேர்: மாமா, நான், பொருளாளர், பெங்களூருப் பெண். இந்த நால்வருக்கும் முக்தா மலரின் இரண்டு கோப்பும் நோட்டோ தெலுங்கும் ஒரு ஜிப்பில் போனது, மூன்று மெஷினில் நானே நேரில் போய்ப் போட்டேன் என் கடையதையும் சேர்த்து, அவளுக்குப் போனில் சொன்னேன். மற்ற அத்தனை பேருக்கும் பி.டி.எஃப் மட்டும். வேர்டு கோப்பைக் குழுவில் போடக் கூடாது என்று மாமா குரல் பதிவு ஒன்றே போட்டுவிட்டார்.

பி.டி.எஃப் எடுக்கும்போது ஆப்ஷன்ஸில் பி.டி.எஃப்/ஏ என்ற தரத்தை டிக் செய்தேன், அந்தத் தரம் எல்லா ஃபான்ட்டும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். எடுத்த பிறகு கோப்பின் பண்புகளில் ஃபான்ட்ஸ் பகுதியைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எம்பெடட் என்று இருக்கிறதா என்று பார்த்தேன், பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. ஒன்று மட்டும், பி.டி.எஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்ட முயலாதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். ஆடிட்டர் சாருக்கு அதனால்தான் பி.டி.எஃப்போடு எக்செல்லையும் சேர்த்து அனுப்பினோம்.

நான்காம் நாள் காலை பெங்களூருவிலிருந்து, “அண்ணா, ஆறு பக்கம்” என்று மட்டும் செய்தி வந்தது. பொருளாளர் வீட்டிலும் ஆறு. மாமா வீட்டு விண்டோஸ் 7-இல் மட்டும் ஐந்தாவது பக்கத்தின் கடைசி வரி ஆறாவதுக்குப் போகிறது, வேர்டு பழைய பதிப்பு என்பதால் இருக்கலாம், கையெழுத்து நகராததால் விட்டுவிட்டேன்.

பிரின்ட் எடுப்பதற்கு முன்னால் மாமா துணைவிதிப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த தர்மபுரி மாவட்டத்தையும் கிருஷ்ணகிரின்னு மாத்திடேன்ப்பா, எல்லாந்தான் மாத்திட்டியே” என்றார். அது நான் மாற்றக் கூடாது மாமா, துணைவிதியில் ஓர் எழுத்து மாற்ற வேண்டும் என்றாலும் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும் இல்லையா என்றேன். யோசித்துவிட்டு, கூட்ட நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளாகச் சேர்க்கச் சொன்னார். கூட்டம் ஆறாவது பொருளான கூழ் ஆலை பாக்கியிலேயே மாலை ஆறு மணி வரை நின்றுவிட்டது. ஆக இந்த வருட அறிக்கையிலும் காவேரிப்பட்டணம், தர்மபுரி மாவட்டம்தான், முக்தா மலர் போல்டில்.